நேற்றைய ரொட்டி

விருந்தாளிக்குப் பழையதைப் போடுகிற வழக்கம் நம் நாட்டில் கிடையாது. பண்டிகை நாளில் அந்தப் பேச்சே கூடாது. விடியற்காலையில் எழுந்து குளித்து, புதிதாக மாவு இடித்து, புதிதாக எண்ணெய் காய்ச்சிச் செய்தால்தான் பலகாரம் பலகாரம். ஆகையால், சில ஆண்டுகளுக்கு முன் ஒரு டிசம்பர் 23-ந் தேதி காலையில், "பண்டிகைக்கு ரொட்டி நேத்தே வாங்கிட்டேன் சார். பிச்சுப் போட்டிருக்கேன், நல்லாக் காயட்டும்" என்று ஒரு அம்மாள் சொன்னபோது, என் காதில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்தேன்.

சதுரங்கப்பட்டினத்து டச்சுக் கோட்டையை ஒரு கதைக்காகப் பார்க்க வேண்டியிருந்தது. செங்கற்பட்டில் ஒரு நண்பர் வீட்டில் தங்கியிருந்தேன். அடுத்த வீட்டில் இருந்தவர் அந்த அம்மாள். ஆங்கிலோ-இந்தியர், எண்பது வயதை நெருங்கியவர், பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தெரு முழுவதற்கும் அவர் டீச்சரம்மாதான். அவருடைய தகப்பனார் நீராவி எஞ்சின் காலத்து ரயில் டிரைவர். செங்கற்பட்டோ ரயில் சந்திப்பு. அந்தக் காலத்தில் அங்கே டிரைவர், கார்டு குடும்பங்களுக்குக் குறைவில்லை.

மொட்டை மாடியில் ஒரு முறத்தில் ரொட்டித் துண்டுகள் காய்ந்துகொண்டிருந்தன. வடகம் காயப் போட்டதுபோல் மேலே ஒரு மெல்லிய துணி. காக்கை வராமலிருக்க நண்பரின் பேரன் காவல்.

"புது ரொட்டியில் செய்தால் என்ன?" என்று கேட்டேன்.

"களியாப் போயிடும் சார். காஞ்ச ரொட்டிதான் சாறைக் குடிச்சுட்டும் உடையாம நிக்கும்."

அவர் செய்ய இருந்த பண்டத்துக்கு 'ஸ்டஃபிங்' என்று பெயர். கொழுக்கட்டைக்குப் பூரணம் எப்படியோ அப்படி, கோழிக்கும் வான்கோழிக்கும் இது. கறியின் வயிற்றுக்குள் எதையாவது திணித்துச் சமைப்பது மிகப் பழைய வழக்கம். அபிசியஸ் என்பவர் பெயரால் வழங்கும் ரோமாபுரிச் சமையல் நூலிலேயே அதற்குப் பல முறைகள் உண்டு. ரொட்டி தின்னும் தேசங்களில் மிஞ்சிப்போன ரொட்டியே அதற்குக் கைகொடுத்தது. அமெரிக்காவில், உள்நாட்டுப் போரின் நடுவே, 1863-ம் ஆண்டில் ஆபிரகாம் லிங்கன் நன்றி செலுத்தும் திருநாளைத் தேசம் முழுவதற்கும் அறிவித்தார். இன்று அந்தத் திருநாள் விருந்தில் ஸ்டஃபிங் இல்லாத மேஜையைக் காண்பது அரிது. 1972-ல் வெந்நீரில் கொட்டிக் கிளறும் பெட்டி ஸ்டஃபிங்கும் கடைக்கு வந்துவிட்டது. பறவைக்குள் வைக்காமல் தனியே ஒரு தட்டில் வேகவைத்துத் தொடுகறி போலப் பரிமாறுகிறவர்களும் உண்டு. டீச்சரம்மா செய்வது இந்தத் தட்டு வகை.

இதை எழுதும்போது எனக்கு என் பாட்டியின் ஞாபகம் வருகிறது. எங்கள் வீட்டில் ரொட்டி நுழைய வேண்டுமானால் யாருக்காவது காய்ச்சல் வரவேண்டும். டாக்டர் சொன்னதற்காக அது வரும். வந்தாலும் கூடத்தைத் தாண்டாது. சமையலறைக்கு அதற்கு அனுமதி இல்லை. "கள்ளை ஊத்திப் புளிக்க வெக்கறான்டா" என்பாள் பாட்டி. நான் சிறுவனாக இருந்தபோது கள்ளுக்கடையே இல்லை. 1937-ல் சேலத்தில் தொடங்கிய மதுவிலக்கு 1948-ல் ராஜதானி முழுவதற்கும் வந்துவிட்டது. சட்டம் கள்ளை ஒழித்தது; பாட்டியின் சந்தேகத்தை ஒழிக்கவில்லை. நாங்கள் அவளைக் கேலி செய்வோம்.

பிற்பாடு சரித்திரப் புத்தகங்களைப் புரட்டியபோதுதான் பாட்டியிடம் மன்னிப்புக் கேட்க வேண்டியவர்கள் நாங்கள் என்று தெரிந்தது. ஐரோப்பியர் இந்தக் கடற்கரைக்கு வந்தபோது அவர்களுக்கு ரொட்டி இல்லாமல் முடியவில்லை. ஆனால் ரொட்டி உப்புவதற்கு வேண்டிய ஈஸ்ட் இங்கே ஏது? கோவாவில் போர்த்துக்கீசியரின் ரொட்டிக்காரர்கள் தென்னங்கள்ளை ஊற்றி மாவைப் புளிக்க வைத்தார்கள். சென்னை ராஜதானியிலும் ரொட்டி சுட்டவர்கள் நெடுங்காலம் கள்ளைத்தான் நம்பியிருந்தார்கள். மலையாளத்துக் கள்ளப்பத்தின் வித்தையும் இதே வித்தைதான். கோதுமை விளையாத சீமை இது. ஆனால் பனைக்கும் தென்னைக்கும் பஞ்சமில்லை. ஆக, வெள்ளைக்காரர் மேஜையில் ஏறிய ரொட்டி, நம் மரமேறி விடியுமுன் இறக்கிய கள்ளினால் உப்பியது.

போர்த்துக்கீசியர் நமக்குச் சாவி, ஜன்னல், அலமாரி ஆகிய சொற்களைக் கொடுத்தார்கள். அவர்களுடைய 'பாவ்' மட்டும் தமிழில் ஒட்டவில்லை. நாம் ரொட்டி என்றே சொன்னோம். பைபிளைத் தமிழாக்கியவர்கள் ரொட்டி என்றும் எழுதாமல், அப்பம் என்று எழுதினார்கள். உள்ளே வந்த பண்டத்துக்கு ஊர்ப்பெயர் வைத்துவிட்டால் அது பாதி ஊர்க்காரனாகிவிடுகிறது.

மறுநாள், 24-ந் தேதி, சதுரங்கப்பட்டினத்துக்குப் போனேன். திருக்கழுக்குன்றம் வழியாகச் சென்று முதலில் மாமல்லபுரத்தை எட்டிப் பார்த்தேன். அங்கிருந்து தெற்கே கடலோரமாகப் போனால், கல்பாக்கம் அணுமின் நிலையத்துக்குப் பக்கத்தில் கோட்டை. இந்தக் கடற்கரையில் எத்தனை கொடிகள் பறந்திருக்கின்றன! வடக்கே கோவளத்தில் ஆஸ்டெண்ட் கம்பெனியார் கொஞ்ச காலம் கடை விரித்தார்கள். அந்தக் கோவளத்தையும் செங்கற்பட்டுக் கோட்டையையும் 1752-ல் பிரெஞ்சுக்காரரிடமிருந்து கிளைவ் பிடித்தான். சதுரங்கப்பட்டினத்தில் டச்சுக்காரர்கள் துணி வியாபாரம் செய்தார்கள். 1781-ல் ஆங்கிலேயர் அதைக் கைப்பற்றினார்கள். மறு வருஷம் பிப்ரவரியில் எதிரே கடலில் ஆங்கிலேயக் கப்பல்களும் பிரெஞ்சுக் கப்பல்களும் மோதின. பிற்பாடு டச்சுக்காரர் கைக்குத் திரும்பிய ஊர், 1824-ம் வருஷத்து உடன்படிக்கையின்படி 1825-ல் ஒரேயடியாக ஆங்கிலேயருக்குப் போயிற்று.

இடிந்த மதில், தானியக் கிடங்கு, கல்லறைகள். கல்லறைகளின் மேல் டச்சு எழுத்துகளும் குலச் சின்னங்களும் வெகு நேர்த்தியாகச் செதுக்கப்பட்டிருக்கின்றன. வியாபாரிகளும் அதிகாரிகளும் அவர்கள் குடும்பத்தாரும் அங்கே பெயரோடு படுத்திருக்கிறார்கள். அவர்களுக்கு மாவு பிசைந்தவன் எவன்? அடுப்பு மூட்டியவன் எவன்? சற்று முன்தான் மாமல்லபுரத்துக் கிருஷ்ண மண்டபத்தில் பால் கறக்கும் இடையனைப் பார்த்துவிட்டு வந்திருந்தேன். பல்லவச் சிற்பி அந்த எளிய மனிதனுக்கும் அவனுடைய மாட்டுக்கும் கல்லில் இடம் கொடுத்தான். சதுரங்கப்பட்டினத்து ரொட்டிக்காரனுக்கு அப்படி ஒரு சிற்பி வாய்க்கவில்லை.

டச்சுக்காரர்களின் கிறிஸ்துமஸ் ரொட்டி இந்த ஊரில் என்ன ஆயிற்று? மண்ணோடு மண்ணாகிவிட்டது. இலங்கையில் மட்டும் இன்னும் இருக்கிறது. அங்கே பறங்கியர் எனப்படும் பர்கர் குடும்பங்களில் கிறிஸ்துமஸ் காலைக்கு 'ப்ரூடர்' செய்வார்கள். ரொட்டிக் கடையிலிருந்து புளித்த மாவை வாங்கிவந்து, வெண்ணெயும் முட்டையும் சர்க்கரையும் உலர்ந்த திராட்சையும் சேர்த்து அச்சில் சுட்டெடுப்பது. இலங்கையின் கரையோரப் பகுதிகளும் 1796-ல் ஆங்கிலேயர் வசமாகிவிட்டன. அங்கும் டச்சுக் கொடி இறங்கிவிட்டது. ஆனால் குடும்பங்கள் தங்கின. ஆகவே பலகாரமும் தங்கிற்று. கோட்டை இருந்து பயன் இல்லை. கிண்டிக் கொடுக்க ஒரு கை வேண்டும்.

கிறிஸ்துமஸ் அன்று காலை டீச்சரம்மா வீட்டு அடுக்களையில் அந்தக் கையைப் பார்த்தேன். வாணலியில் வெண்ணெய் உருகியது. பொடியாக நறுக்கிய வெங்காயமும் பச்சை மிளகாயும் விழுந்தன. சீமையில் சேஜ் என்ற இலையைப் போடுவார்களாம். இங்கே புதினாவும் கொத்தமல்லித் தண்டும். மிளகுத் தூள், உப்பு, ஒரு கைப்பிடி உலர்ந்த திராட்சை. காய்ந்த ரொட்டியைக் கொட்டிப் புரட்டி, சாற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்தார். தட்டில் பரப்பி ஓவனுக்குள் வைத்தார். அரைமணியில் மேலே பொன்னிறமாக மொறுமொறுப்பு, உள்ளே பஞ்சு.

வேலைக்கு நடுவே பேசிக்கொண்டே இருந்தார். சுதந்திரத்துக்குப் பின் ரயில்வே, சுங்கம், தபால் இலாகாக்களில் ஆங்கிலோ-இந்தியருக்கு இருந்த தனி ஒதுக்கீட்டை அரசியல் சட்டத்தின் 336-வது ஷரத்து பத்து ஆண்டுகளில் படிப்படியாகக் குறைத்து, 1960-ல் நிறுத்தியது. குடும்பங்கள் கப்பலேறின. அவருடைய தம்பிகள் இருவரும் ஆஸ்திரேலியா போனார்கள். பிற்பாடு மகளும் மெல்போர்னுக்குப் போய்விட்டாள். சட்டசபையிலும் லோக்சபாவிலும் இருந்த நியமன இடங்களும் 2020 ஜனவரியோடு நின்றுபோயின.

"நீங்கள் போகவில்லையா?"

"எங்க சார் போறது? எனக்குத் தெரிஞ்ச ஊர் இதுதான்."

அவர் அதைப் பெருமையாகவும் சொல்லவில்லை, குறையாகவும் சொல்லவில்லை.

ஓவனிலிருந்து இரண்டு தட்டுகள் வெளியே வந்தன. ஒன்றில் கோழி ஈரலும் முட்டையும் சேர்ந்தது. மற்றொன்றில் காய்கறி வேகவைத்த சாறு மட்டும். "இது உங்க டிரே சார். கரண்டி கூட வேற. நாற்பது வருஷமா இந்த வீட்டில ரெண்டு டிரேதான்" என்றார். அடுத்த வீட்டு நண்பர் குடும்பம் சைவம். அவர்களை விட்டுவிட்டுப் பண்டிகை கொண்டாட டீச்சரம்மாவின் தாயாருக்கு மனம் வரவில்லையாம். அந்த அம்மாள் ஆரம்பித்த இரண்டாவது தட்டு அது.

ஒரு வாய் போட்டுக்கொண்டேன். வெங்காயம், பச்சை மிளகாய், கொத்தமல்லி, நெய்வாசம் போன்ற ஒரு வாசம். எங்கேயோ தின்ற ருசி! எங்கள் வீட்டில்தான். 1965-ல் அரசாங்கம் மாடர்ன் பேக்கரீஸ் கம்பெனியைத் தொடங்கியது. துண்டு போட்டு மெழுகுத்தாளில் சுற்றிய ரொட்டி நடுத்தரக் குடும்பங்களுக்குள் மெள்ள மெள்ள நுழைந்தது. மிஞ்சியதை என் தாயார் கடுகு, உளுத்தம்பருப்பு தாளித்து உப்புமாவாகக் கிளறுவாள். காய்ந்த ரொட்டி, வெங்காயம், கொழுப்பு, தெளித்த நீர்: இதுதானே அதுவும்? என் தாயார் ஸ்டஃபிங்கைக் கேள்விப்பட்டதில்லை. டீச்சரம்மாவின் தாயார் பிரெட் உப்புமாவைக் கண்டிருக்கப் போவதில்லை. ரொட்டியை எறிய மனமில்லாத இரண்டு பெண்கள் ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறார்கள். என் வீட்டில் அது மாலைச் சிற்றுண்டி. இங்கே பண்டிகை விருந்து. வித்தியாசம் அவ்வளவுதான்.

சாப்பிட்டு முடித்ததும் டீச்சரம்மா ஒரு காகிதத்தையும் பேனாவையும் என் முன்னால் வைத்தார். "நீங்க எழுதறவர்தானே. இதை ஒழுங்கா எழுதிக் கொடுங்க. பொண்ணு போன்ல அளவு கேக்கறா. நான் 'கை அளவு'ன்னா அவளுக்குப் புரியலை" என்றார்.

நான் கதை எழுதிப் பெயர் வாங்கியிருக்கிறேன். இத்தனை பயத்தோடு எதையும் எழுதியதில்லை. ஒரு 400 கிராம் ரொட்டி, இரண்டு நாள் காய்ந்தது. பெரிய வெங்காயம் இரண்டு. வெண்ணெய் 100 கிராம். சாறு இரண்டு தம்ளர், ஒரேயடியாக ஊற்றக்கூடாது. பச்சை மிளகாய் நான்கு.

டீச்சரம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுவதும் படித்தார். நான்கை அடித்து ஐந்து என்று திருத்தினார்.