ஓடும் தேரை ஒரு மரக்கட்டை நிறுத்துவது எப்படி?

கன்னியாகுமரி மாவட்டம் சுசீந்திரம் தாணுமாலயன் கோயிலில் மார்கழித் திருவிழாவின் 9ஆம் நாள் தேரோட்டம். பக்தர்கள் வடம் பிடித்து இழுக்கிறாங்க, சரி. இப்படிப்பட்ட பெரிய தேர் நிற்பது எப்படி?

உருளும் சக்கரம் தரையைத் தொடும் இடத்தில் வழுக்குவதில்லை. அதனால் தடை குறைவு. அச்சில் ஏற்படும் உரசலும், பாரத்தில் தரை அமுங்குவதும்தான் முக்கியத் தடைகள். எனவே, வடத்தை விட்டாலும் தேர் உடனே நிற்காது.

இங்குதான் முட்டுக்கட்டை வருது. சக்கரத்துக்கு முன்னால் கட்டையைப் போட்டதும், சக்கரம் அதன்மேல் ஏறி அழுத்தும். கட்டை தரையில் தேயும். உருளும்போது இருப்பதைவிடத் தேயும்போது உராய்வு பல மடங்கு அதிகம். தேர் நிற்கும். ஒரு பக்கச் சக்கரத்துக்கு மட்டும் போட்டால், தேர் அந்தப் பக்கம் திரும்பும்.

கட்டை போட்ட பிறகும் தேர் கொஞ்சம் நகர்ந்துதான் நிற்கும். அதனால், வடம் பிடிப்பவர்கள் சக்கரத்தை நெருங்கவே கூடாது.