காத்தியும் கிலோகிராமும்

அளவுப்பெயர்க்கும் நிறைப்பெயர்க்கும் முதலாக வரும் எழுத்துகள் க, ச, த, ப, ந, ம, வ, அ, உ என ஒன்பது என்று தொல்காப்பியர் எழுத்ததிகாரத்தில் வரையறுக்கிறார். இப்பெயர்களுக்கெனத் தனி விதி வகுத்ததிலிருந்தே, அளத்தலும் நிறுத்தலும் அன்றைய வாழ்வில் பெற்றிருந்த இடம் புலனாகும்.

படி, மரக்கால், கலம் ஆகிய அளவைகளை அறிந்து மலாயாவுக்கு வந்த தமிழர், இங்கே வேறோர் ஒழுங்கைக் கண்டனர். 16 தாயில் ஒரு காத்தி. 100 காத்தி ஒரு பிக்குல். முகத்தலளவையில் 4 சுப்பாக் ஒரு காந்தாங். பிக்குல் என்னும் மலாய்ச் சொல் தோளில் சுமத்தலைக் குறிக்கும். ஓர் ஆள் சுமக்கும் பாரமே அளவையாயிற்று. இப்பெயர்களின் முதலெழுத்துகளும் அந்த ஒன்பதனுள் அடங்குவது தற்செயலே, ஆயினும் சுவையானது.

பிரிட்டிஷ் ஆட்சி இவ்வளவைகளை ஒழிக்கவில்லை. தன் அளவைகளோடு பொருத்தியது. 3 காத்தி 4 பவுண்டுக்குச் சமமாயிற்று. ஒரு காந்தாங் ஒரு கேலன் ஆயிற்று. ஆகவே இருவகை அளவைகளும் ஒரே சந்தையில் அருகருகே வழங்கின.

1970களில் சிங்கப்பூரும் மலேசியாவும் மெட்ரிக் முறைக்கு மாறின. மலேசியாவின் நிறுத்தல், அளத்தல் சட்டம் 1972ஆம் ஆண்டினது. ஒரு காத்தி ஏறத்தாழ 605 கிராம். எனவே 3 காத்தி மீன் பெரிதா, 2 கிலோகிராம் மீன் பெரிதா என்று வினவினால், எண்ணை மட்டும் நோக்குபவர் முன்னதையே சுட்டுவர். இரண்டையும் கிராமாக்கினால், முன்னது 1,815, பின்னது 2,000.

விலையில் இப்பிழை கைப்பணத்தையே பாதிக்கும். காத்தி 3 வெள்ளி 30 காசுக்கும் கிலோ 5 வெள்ளிக்கும் விற்கும் இரு கடைகளுள் மலிவானது எது? காத்தி விலையைக் கிலோவுக்கு மாற்றினால் ஏறத்தாழ 5 வெள்ளி 45 காசு வரும். பெரிய எண்ணாகத் தோன்றிய 5 வெள்ளியே மலிவு. மாற்றக் காலத்தில், பள்ளி சென்றிராத முதியோர்க்கு இக்கணக்கு அன்றாடத் தேவையாயிற்று.

இன்று தொடக்கப்பள்ளி மாணவர் மீட்டரையும் சென்டிமீட்டரையும் ஒப்பிடும்போது பயில்வதும் இதுவே: முதலில் அலகை ஒன்றாக்குக, பின்னரே எண்ணை ஒப்பிடுக. பாட்டியின் காத்திக் கணக்கை அவ்வகுப்பறையில் ஒருநாள் பயிற்சியாக வைத்தால், மாணவர் அலகு மாற்றத்தோடு இம்மண்ணின் வரலாற்றையும் அறிவர்.