ஹாச்சிகோவும் யாயெகோவும்

டோக்கியோ ஏகாதிபத்தியப் பல்கலைக்கழகத்தின் வேளாண்துறைப் பேராசிரியர் உவேனோ ஹிதெசாபுரோ, 1925 மே 21 அன்று பல்கலைக்கழகத்திலேயே மூளை இரத்தக்கசிவால் காலமானார். அவர் வீட்டில் துயருற்றோர் இருவர். ஒன்று, ஹாச்சி என்னும் ஒன்றரை வயது அகிதா நாய். மற்றவர், சுமார் பத்தாண்டுகள் அவருடன் வாழ்ந்த சகானோ யாயெகோ. முன்னதன் கதை உலகறிந்தது. பின்னவரின் கதையை அதனருகே வைத்துப் பார்க்கும்போதே, வளர்ப்பு விலங்குகளின் துயரை நாம் வாசிக்கும் முறை விளங்குகிறது.

யாயெகோ சட்டப்படி மணமுடித்தவரல்லர். எனவே வீட்டின்மீது அவருக்கு உரிமையில்லை, வெளியேற நேர்ந்தது. நாயும் சில வீடுகள் மாறி, முடிவில் ஷிபுயாவை அடுத்து வசித்த, உவேனோ வீட்டில் தோட்டவேலை செய்துவந்த ஒருவரிடம் சேர்ந்தது. பேராசிரியர் ரயிலில் வெளியூர் சென்று திரும்பும் நாட்களில் ஷிபுயா நிலையத்தில் காத்திருப்பது அதன் வழக்கம். அவ்வழக்கத்தை அது விடவில்லை. ஆனால் நிலையத்தில் அன்று அதற்குக் கிடைத்தது மரியாதையன்று, அடியும் விரட்டலுமே.

1932 அக்டோபரில் ‘அசாஹி’ நாளிதழில் செய்தி வெளியானதும் எல்லாம் மாறிற்று. எழுதவைத்தவர் ஜப்பானிய நாயினங்களின் பாதுகாப்புக்கு உழைத்த சைதோ ஹிரோகிச்சி. பெயருடன் ‘கோ’ என்னும் மரியாதை விகுதி ஒட்டிக்கொண்டது. 1934 ஏப்ரலில் ஆந்தோ தெரு வடித்த வெண்கலச்சிலை திறக்கப்பட்டபோது ஹாச்சிகோவே அங்கு நின்றிருந்தது. பள்ளி நீதிபோதனைப் பாடநூலில் ‘நன்றி மறவாதே’ என்னும் பொருள்படும் தலைப்பில் அதன் கதை இடம்பெற்றது. பேரரசருக்கு விசுவாசமான குடிமக்களை வளர்க்க விரும்பிய அரசுக்கு, ஒரு நாயின் ஏக்கம் உகந்த பாடமாயிற்று. அதே அரசு போரின்போது உலோகத் தேவைக்காகச் சிலையை உருக்கிவிட்டது. சிற்பியும் 1945இல் விமானத் தாக்குதலில் மாண்டார். இன்றுள்ள சிலை அவர் மகன் தகேஷி 1948இல் செய்தது.

ஹாச்சிகோ 1935 மார்ச் 8 அன்று இறந்தது. இரைப்பையில் யாகிதோரி எனப்படும் சுட்ட கோழியிறைச்சியின் குச்சிகள் இருந்தன. நிலையத்தருகே கிடைத்த இறைச்சிக்காகவே அது வந்தது என்று வாதிடுவோர் உண்டு. பாதுகாக்கப்பட்ட உறுப்புகளை ஆராய்ந்த டோக்கியோ பல்கலைக்கழகத்தார், இதயத்திலும் நுரையீரலிலும் புற்றுநோய் இருந்ததென 2011இல் அறிவித்தனர். குச்சிகள் மரணத்துக்குக் காரணமல்ல. தின்பண்ட வாதத்துக்கு எதிராக ஒன்று சொல்லலாம்: புகழ் வருமுன் ஏழாண்டுகள் அது அடிபட்டும் வந்துகொண்டிருந்தது. பழக்கம், பசி, ஏக்கம் மூன்றும் ஒரே உடலில் குடியிருக்கக் கூடும், மனிதரிலும் அப்படித்தானே?

நாய் மரணத்தை அறியுமா என்பதை அறுதியிட்டுச் சொல்ல இயலாது. வராதவரை எதிர்பார்ப்பதை அது அறியும். அந்த எதிர்பார்ப்புக்கு ‘நன்றி’ எனப் பெயரிட்டவர்கள் மனிதர்கள். மௌனமான துயர் மீது எப்பெயரையும் எழுதிவிடலாம். நாய் மறுத்துப் பேசாது.

யாயெகோ பேசக்கூடியவர். ஆயினும் அவரது துயருக்குப் பாடநூலில் இடமில்லை. உவேனோவுடன் அடக்கம் செய்யப்பட வேண்டும் என்பதே அவர் விருப்பம். 1961இல் அவர் இறந்தபோது அது நிறைவேறவில்லை. அயோயாமா மயானத்தில் பேராசிரியரின் கல்லறையருகே ஹாச்சிகோவுக்கு நினைவுக்கல் இருந்தது, யாயெகோவுக்கு இல்லை.

2015இல் டோக்கியோ பல்கலைக்கழகத்தில், திரும்பிவந்த பேராசிரியர்மீது ஹாச்சிகோ தாவியேறும் சிலை நிறுவப்பட்டது. அடுத்த ஆண்டு, 2016இல், யாயெகோவின் அஸ்தியில் ஒரு பகுதி உவேனோவின் கல்லறையில் சேர்க்கப்பட்டது. நாய் காத்திருந்தது பத்தாண்டுகளுக்குச் சற்றுக் குறைவு. அவர் உயிரோடு 36 ஆண்டுகளும், இறந்தபின் 55 ஆண்டுகளும் காத்திருந்தார்.