எடை குறைப்பு ஆபரேஷனுக்கு இன்சூரன்ஸ் கிடைக்குமா? கிளைம் மறுக்கப்பட்டால் என்ன செய்யணும்?

"உடல் பருமனுக்கு எல்லாம் கிளைம் கிடையாது." எடை குறைப்பு ஆபரேஷனுக்கு இன்சூரன்ஸ் பற்றி விசாரிக்கும் பலர் இந்த ஒரு பதிலோடு திரும்பிவிடுகிறார்கள். ஆனால் பாலிசியில் இருக்கும் வாசகத்தை முழுசாகப் படித்தால் விஷயம் வேறு.

வேடசந்தூரில் மளிகைக் கடை நடத்தும் 45 வயதுப் பெண் ஒருவரை உதாரணத்துக்கு எடுத்துக்கொள்வோம். உயரம் 160 செ.மீ., எடை 95 கிலோ. மாத்திரை, இன்சுலின் எடுத்தும் சுகர் கட்டுக்குள் வரவில்லை. மதுரையில் பார்த்த டாக்டர் ஆபரேஷன் செய்துகொள்ளச் சொல்கிறார். செலவு லட்சக்கணக்கில். ஆறு வருஷமாக பிரீமியம் கட்டிய பாலிசி கைகொடுக்குமா?

பாலிசி என்ன சொல்கிறது?

காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ, 2019 செப்டம்பரில் விலக்குகளுக்கான பொது வாசகங்களை வகுத்தது. அதில் 06 என்ற குறியீடு உடல் பருமனுக்கானது. பல பாலிசிகளில் இன்றும் இதே வாசகம்தான். கீழே உள்ள நிபந்தனைகள் எல்லாம் பொருந்தினால் இந்த விலக்கு பொருந்தாது:

* டாக்டரின் ஆலோசனைப்படி ஆபரேஷன் நடக்க வேண்டும்.
* மருத்துவ நெறிமுறைகளுக்கு உட்பட்டதாக இருக்க வேண்டும்.
* வயது 18 அல்லது அதற்கு மேல்.
* பிஎம்ஐ 40 அல்லது அதற்கு மேல். இல்லாவிட்டால், பிஎம்ஐ 35 அல்லது அதற்கு மேல் இருந்து, கூடவே உடல் பருமனால் வந்த இதயத்தசை நோய், இதய ரத்தக்குழாய் நோய், தீவிர தூக்க மூச்சுத்திணறல், கட்டுப்படாத டைப் 2 சர்க்கரை நோய் ஆகியவற்றில் ஒன்றாவது இருக்க வேண்டும். டயட், மருந்து போன்ற எளிய வழிகளில் எடை குறைக்க முயன்று பலனளிக்காமல் போயிருக்கவும் வேண்டும்.

பிஎம்ஐ கணக்கு எப்படி?

எடையை (கிலோவில்), உயரத்தை (மீட்டரில்) உயரத்தாலேயே பெருக்கி வரும் எண்ணால் வகுக்க வேண்டும். நம் உதாரணத்தில் 95 ÷ (1.6 × 1.6) = 37.1. அதாவது இரண்டாவது பிரிவு. கட்டுப்படாத சுகருக்கும், எடை குறைக்க எடுத்த முயற்சிகளுக்கும் ஆதாரம் இருந்தால் கிளைம் கேட்கலாம். இதே உயரத்தில் 102.4 கிலோ இருந்தால் பிஎம்ஐ 40. இணை நோய் தேவையில்லை. 89.6 கிலோவுக்குக் கீழே போனால் 35 கூட வராது.

டாக்டர் சொல்லியும் ஏன் மறுக்கிறார்கள்?

மருத்துவ உலகம் அளவுகோலைத் தளர்த்திவிட்டது. 2022-ல் வந்த சர்வதேச வழிகாட்டுதல், ஆசியர்களுக்கு பிஎம்ஐ 27.5-லிருந்தே இந்த சிகிச்சையைப் பரிந்துரைக்கலாம் என்கிறது. பாலிசி வாசகமோ 35, 40-லேயே நிற்கிறது. டாக்டர் சொல்வது சரியாக இருந்தும் கிளைம் கிடைக்காமல் போக இது ஒரு காரணம்.

இன்னொரு காரணம், ஆவணக் குறைபாடு. ஆபரேஷனுக்கு முன் டயட் இருந்து எடை குறைந்தால், அட்மிஷன் அன்று பிஎம்ஐ எல்லைக்குக் கீழே இறங்கிவிடலாம். எனவே முதல் நாள் எடுத்த உயரம், எடையைத் தேதியோடு எழுதி வாங்கி வைக்கணும். மூன்று மாத சராசரி சுகர் ரிப்போர்ட், தூக்கப் பரிசோதனை முடிவு, டயட்டீஷியன் சீட்டு என எதையும் தூக்கிப் போடக் கூடாது.

கவனிக்க வேண்டிய வேறு விஷயங்கள்

* சில பாலிசிகளில் இந்த ஆபரேஷனுக்குத் தனி காத்திருப்புக் காலமும், தொகை உச்சவரம்பும் உண்டு.
* ஏற்கெனவே இருந்த நோய்க்கு அதிகபட்சம் 36 மாதம் காத்திருக்க வேண்டும். பாலிசி எடுக்கும்போது சுகரை மறைத்திருந்தால் சிக்கல்தான். ஆனால் தொடர்ந்து 60 மாதம் பிரீமியம் கட்டியிருந்தால், மோசடியை நிரூபிக்காமல் அந்தக் காரணத்தைச் சொல்லி மறுக்க முடியாது.
* எடை குறைந்தபின் தொங்கும் தோலை அகற்றுவது அழகு சிகிச்சைக் கணக்கில் சேரும். உடல்நலத்துக்கு உடனடி ஆபத்து என்று டாக்டர் சான்று தந்தால் மட்டும் விதிவிலக்கு.

இது திட்டமிட்டுச் செய்யும் ஆபரேஷன். அதனால் அட்மிட் ஆவதற்கு முன்பே மருத்துவமனை மூலம் கேஷ்லெஸ் ஒப்புதல் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிவிடுவது நல்லது.

மறுத்துவிட்டால் எங்கே போவது?

முதலில், பாலிசியின் எந்தப் பிரிவின்படி மறுத்தார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். 2024-ல் வந்த விதிப்படி, நிறுவனத்தின் ஆய்வுக் குழு ஒப்புதல் இல்லாமல் கிளைமை மறுக்க முடியாது.

அடுத்து, நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுத்துப்பூர்வமாகப் புகார். ஐஆர்டிஏஐயின் 'பீமா பரோசா' தளத்திலும், 155255 என்ற எண்ணிலும் புகார் செய்யலாம்.

நிறுவனம் மறுத்தாலோ, ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, ஒரு வருஷத்துக்குள் இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம். தமிழ்நாட்டுக்கான அலுவலகம் சென்னையில். ஆன்லைனிலேயே மனு போடலாம். 50 லட்சம் ரூபாய் வரையிலான புகார்களை விசாரிப்பார்கள். கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை. தீர்ப்பு வந்தால் நிறுவனம் 30 நாளில் நிறைவேற்ற வேண்டும்.

இன்னொரு வழி நுகர்வோர் ஆணையம். இரண்டு வருஷத்துக்குள் வழக்குப் போடணும். 2019 சட்டப்படி, குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். வேடசந்தூர்காரருக்கு அது திண்டுக்கல்தான்.

எல்லா கிளைமும் ஜெயிக்கும் என்று சொல்ல முடியாது. ஆனால் வாய்வார்த்தையாகச் சொன்ன "கிடையாது" இறுதி முடிவு அல்ல. பாலிசி புத்தகத்தில் 06-ம் குறியீட்டைப் படித்துவிட்டு அடுத்ததை முடிவு செய்யுங்கள்.