லினனும் ஐடாவும்

சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுதலாம் என்பது நம் முன்னோர் வாக்கு. ஊசியால் எழுதும் சித்திரத்திற்குத் துணியே சுவர். ஆயினும், பூத்தையலைப் பற்றிப் பேசுவோர் நூலின் நிறத்தையும் கோலத்தின் அழகையும் பாராட்டிவிட்டு, அவற்றைத் தாங்கி நிற்கும் துணியை மறந்துவிடுகின்றனர். குறுக்குத் தையல் என வழங்கும் கலையிலோ துணியை மறத்தல் இயலாது. இத்தையலில் கோலம் துணியின்மேல் வரையப்படுவதில்லை. துணியின் இழைகளை எண்ணி எண்ணியே உருவாக்கப்படுகின்றது. இழையின்றேல் கணக்கில்லை, கணக்கின்றேல் கோலமில்லை.

இக்கலையைப் பயில்வோர்முன் இன்று இரண்டு துணிகள் வைக்கப்படுகின்றன. ஒன்று லினன், மற்றொன்று ஐடா. இவற்றுள் எதனைத் தேர்வது என்பது கடையில் எழும் சிறு வினாவாகத் தோன்றலாம். ஆனால், அவ்வினாவின் பின்னே ஐரோப்பியப் பெண்களின் கல்வி வரலாறும் உழைப்பு வரலாறும் மறைந்து கிடக்கின்றன. அவ்வரலாற்றை ஓரளவேனும் அறிந்துகொண்டால் விடை காண்பது எளிதாகும்.

இரு துணிகளின் இயல்பு

லினன், ஆளிச் செடியின் தண்டிலிருந்து எடுக்கப்படும் நாரால் நெய்யப்படுவது. ஆளிவிதையை நாம் அறிவோம். அவ்விதையைத் தரும் செடியே இந்நாரையும் தருகின்றது. செடியை வேரோடு பிடுங்கி, நீரிலோ பனியிலோ ஊறவைத்து, தண்டின் மரப்பகுதியை நொறுக்கி நீக்கி, எஞ்சிய நாரைச் சீவி நூற்பர். அந்நூலில் ஆங்காங்கே தடிப்பும் மெலிவும் இருத்தல் இயல்பு. பாவிழையும் ஊடிழையும் ஒன்றன்மேல் ஒன்றாக மாறி மாறிச் செல்லும் எளிய நெசவே லினனின் நெசவு. தைப்பவர் பெரும்பாலும் இரண்டிரண்டு இழைகளை ஒரு கட்டமாகக் கொண்டு தைப்பர்.

ஐடா பெரும்பாலும் பருத்தியால் ஆனது. இதில் இழைகள் தனித்தனியே செல்வதில்லை; சில இழைகள் சேர்ந்து ஒரு கற்றையாகப் பாவிலும் ஊடையிலும் செல்கின்றன. கற்றைகள் கூடும் இடத்தில் ஒரு சிறு சதுரம் அமைகின்றது. சதுரத்தின் நான்கு மூலைகளிலும் கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும் துளைகள் உண்டு. சதுரம் ஒன்றுக்குத் தையல் ஒன்று என்பதே கணக்கு. துணி சற்று விறைப்பாகவும் இருப்பதால் கையில் பிடித்தே தைத்துவிடலாம்.

சுருங்கக் கூறின், லினனில் இழையெண்ணும் பொறுப்பு முழுவதும் தைப்பவரைச் சார்ந்தது. ஐடாவில் அப்பொறுப்பின் ஒரு பகுதியை நெசவாளர் முன்னரே ஏற்றுக்கொண்டுவிட்டார்.

லினனில் எழுத்துக் கற்ற சிறுமியர்

பண்டை எகிப்தியர் பாடம் செய்த உடல்களைச் சுற்றி வைத்தது லினன் துணியிலேயாம். ஐரோப்பாவிலும் பல நூற்றாண்டுகள் வரை படுக்கை விரிப்பு, மேசை விரிப்பு, உள்ளாடை, துவாலை ஆகிய யாவும் லினனாகவே இருந்தன. ஆகவே, இழையெண்ணித் தைத்த பெண்கள் தையலுக்கென ஒரு துணியைத் தேடிச் செல்லவில்லை. வீட்டில் இருந்த துணியிலேயே தைத்தனர்.

தையற்கோலங்களை அச்சிட்ட நூல்கள் 1520-களில் ஜெர்மனியின் ஆக்சுபர்க் நகரில் வெளிவரத் தொடங்கின. எனினும், அவை எல்லார் கைக்கும் எட்டவில்லை. கண்ட கோலத்தை மறவாதிருக்க அதனை ஒரு துண்டுத் துணியில் தைத்து வைத்துக்கொள்ளும் வழக்கம் நிலவியது. இதுவே மாதிரித் துணி. நாள் குறிக்கப்பட்ட பிரிட்டிஷ் மாதிரித் துணிகளுள் இன்று அறியப்படுபவற்றில் மிகப் பழையது, ஜேன் பாஸ்டாக் என்பவர் 1598ஆம் ஆண்டில் தைத்தது. லினன் துணியில் பட்டு நூலாலும் உலோக இழையாலும் தைக்கப்பெற்ற அது, இலண்டனிலுள்ள விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் உள்ளது. ஆலிஸ் லீ என்னும் பெண்குழந்தை 1596இல் பிறந்த செய்தியும் அதில் தைக்கப்பட்டுள்ளது.

காலப்போக்கில் மாதிரித் துணி, கோலங்களின் நினைவேடு என்னும் நிலையிலிருந்து மாறிப் பள்ளிப் பாடமாயிற்று. சிறுமியர் அதில் நெடுங்கணக்கையும் எண்களையும் தைத்தனர். இதற்கு ஓர் உலகியல் காரணமும் உண்டு. செல்வர் இல்லங்களில் விரிப்புகளும் துவாலைகளும் மிகப் பலவாக இருந்தன. சலவைக்குச் சென்றவை குறையாமல் திரும்பவும், வரிசை மாறாமல் பயன்படவும், ஒவ்வொன்றின் மூலையிலும் உரிமையாளர் பெயரின் முதலெழுத்தும் ஓர் எண்ணும் குறுக்குத் தையலால் பொறிக்கப்பட்டன. இவ்வேலையைச் செய்யத் தெரிந்த ஏழைச் சிறுமிக்குப் பணிப்பெண் வேலை கிடைக்கும் வாய்ப்பு மிகுந்தது. அவள் பள்ளியில் பழகிய துணியும் லினன். பிழைக்கப்போன வீட்டில் குறியிட்ட துணியும் லினன். இழையை எண்ணத் தவறினால் பாடம் மட்டுமன்று, பிழைப்பும் தவறும்.

இக்கல்வி எத்தகையோர் கையில் என்னவாயிற்று என்பதற்கு எலிசபெத் பார்க்கர் ஒரு சான்று. இவர் 1813இல் பிறந்தவர். இங்கிலாந்தின் சசெக்ஸ் வட்டாரத்து ஆஷ்பர்ன்ஹம் என்னும் ஊரினர். கூலித் தொழிலாளியின் மகள். பதின்மூன்றாம் வயதில் பணிப்பெண்ணாக வீட்டைவிட்டுச் சென்றவர், வேலைக்குச் சென்ற இடத்தில் கொடுமைக்கு ஆளானார். உயிரை மாய்த்துக்கொள்ளவும் எண்ணினார். ஏறத்தாழ 1830இல் தம் துயர் முழுவதையும் ஒரு லினன் துணியில், சிவப்புப் பட்டு நூலால், குறுக்குத் தையலில் எழுத்தெழுத்தாகப் பதித்தார். பூவில்லை, கொடியில்லை, கரையில்லை. எழுத்து வரிகள் மட்டுமே உள்ளன. இறுதி வாக்கியம் முடிவு பெறாமல் பாதியில் நின்றுவிடுகின்றது. துணியின் கீழ்ப்பகுதி வெறுமையாகக் கிடக்கின்றது.

ஆனால், அவர் வாழ்வு பாதியில் நின்றுவிடவில்லை. பின்னாளில் அவர் தம் ஊரிலேயே ஆசிரியையாகப் பணியாற்றி, முதுமை எய்தி மறைந்தார் என்பதை ஆய்வாளர் கண்டுள்ளனர். எசமானரின் விரிப்புகளில் குறியிடுவதற்கெனக் கற்பிக்கப்பட்ட எழுத்துகளைக் கொண்டு, அப்பெண் தம் வரலாற்றைத் தாமே எழுதிக்கொண்டார். ஆசிரியராகிய நாம் எண்ணிப் பார்க்கவேண்டிய செய்தி இது. நாம் கற்பிக்கும் எளிய திறன் ஒரு மாணவர்க்கு எந்நாளில், எவ்வகையில் துணையாகும் என்பதை நாம் முன்னரே வரையறுத்துவிட இயலாது.

கட்டம் பிறந்த கதை

பத்தொன்பதாம் நூற்றாண்டில் மூன்று மாற்றங்கள் நிகழ்ந்தன.

முதலாவது, அச்சுத்தாளின் பரவல். பெர்லின் நகரத்துப் பதிப்பாளர்கள் அந்நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டமிட்ட தாளில் வண்ணம் தீட்டிய கோலங்களை வெளியிட்டனர். தாளில் ஒரு கட்டம், துணியில் ஒரு தையல். பெர்லின் கம்பளி வேலை எனப் பெயர்பெற்ற இம்முறை ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பரவியது. அதற்குக் கான்வாஸ் என்னும் இடைவெளி மிக்க துணி பயன்பட்டது. கம்பளி நூல் அத்துணி முழுவதையும் மூடிவிடும்.

இரண்டாவது, வீட்டுத்துணியின் மாற்றம். இயந்திரத்தில் நெய்த பருத்தித் துணி மலிவாகக் கிடைத்தது. அதன் நெருங்கிய இழைகளைக் கண்ணால் எண்ணுதல் அரிது. அழியா மையும் பெயர் நெய்த பட்டையும் வந்தபின், குறியிடுவதற்கு ஊசி தேவைப்படவில்லை.

மூன்றாவது, தையல் வகுப்பறைப் பாடமாக உறுதிபெற்றமை. இங்கிலாந்தில் அரசு உதவி பெற்ற தொடக்கப்பள்ளிகளில் பெண்பிள்ளைகட்குத் தையல் கட்டாயம் என 1862ஆம் ஆண்டின் விதிகள் வகுத்தன. பல பிள்ளைகட்கு ஒரே வேளையில் கற்பிக்கும்போது, எல்லாரும் காணக்கூடிய தெளிவான கட்டமுடைய துணி பெருந்துணையாகும்.

இச்சூழலில், தாளிலுள்ள கட்டத்தைத் துணியிலேயே நெய்துவிடும் எண்ணம் வலுப்பெற்றதில் வியப்பில்லை. அத்தகைய துணிகள் பல பெயர்களில் விற்பனைக்கு வந்தன. அவற்றுள் ஒன்றன் பெயர் ஜாவா கான்வாஸ். நம் அண்டைத் தீவின் பெயர் ஐரோப்பியத் துணிக்கு வாய்த்தமை சுவையான செய்தி. ஜெர்மனியின் சின்டல்பிங்கன் நகரில் 1877இல் தோன்றிய ஸ்வைகார்ட் நிறுவனம், 1890இல் ஐடா என்னும் பெயரில் இத்துணியை வெளியிட்டது. அப்பெயரே நிலைத்துவிட்டது.

இங்கு ஓர் அடிப்படை வேறுபாட்டை உணரலாம். லினனில் துணி முன்னது, தையல் பின்னது. ஏற்கெனவே பயன்பாட்டிலிருந்த துணிக்குத் தையல் அணியாகவும் குறியாகவும் வந்தது. ஐடாவிலோ தையலுக்காகவே துணி நெய்யப்பட்டது. அங்குத் துணிக்காகத் தையல். இங்குத் தையலுக்காகத் துணி.

ஐடா வந்தபின்னும் லினன் மறைந்துவிடவில்லை. டென்மார்க்கில் 1928இல் தோன்றிய கைவினைச் சங்கம் லினனில் தைக்கும் மரபைப் போற்றி வளர்த்தது. அந்நாட்டுக் கலைஞர் கெர்டா பெங்ட்சன் காட்டுச் செடிகளையும் மலர்களையும் குறுக்குத் தையலுக்கேற்ற கோலங்களாக்கிப் புகழ் பெற்றார்.

தேர்வு செய்யும் முறை

இனி, தேர்வுக்கு வருவோம். முதலில் கணக்கைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். ஐடாவில் ஓர் அங்குலத்திற்கு எத்தனை சதுரங்கள் என்பதைக் கொண்டு 11, 14, 16, 18 என எண் குறிப்பர். லினனில் ஓர் அங்குலத்திற்கு எத்தனை இழைகள் என்பதைக் கொண்டு 28, 32, 36 எனக் குறிப்பர். லினனில் இரண்டு இழைக்கு ஒரு தையல் ஆதலால், 28 எண் லினனும் 14 எண் ஐடாவும் ஒரே அளவைத் தரும்.

எடுத்துக்காட்டாக, ஒரு கோலம் 70 கட்ட அகலமும் 98 கட்ட உயரமும் உடையது எனக் கொள்வோம். 14 எண் ஐடாவில் அது 5 அங்குல அகலமும் 7 அங்குல உயரமும் பெறும். 28 எண் லினனில் இரண்டிழைக்கு ஒன்றாகத் தைத்தாலும் அளவு அதுவே. 18 எண் ஐடாவிலோ ஏறத்தாழ 3.9 அங்குலமும் 5.4 அங்குலமுமாகச் சுருங்கிவிடும். சட்டமிட வேண்டின், நாற்புறமும் 3 அங்குலம் கூடுதலாக விட்டுத் துணியை வெட்டுதல் நலம். அப்போது 14 எண் ஐடாவில் 11 அங்குலமும் 13 அங்குலமுமான துணி வேண்டும்.

லினனை வாங்கும்போது இழையைப் பாவு வழியும் ஊடை வழியும் அளந்து எண்ணிப் பார்க்க வேண்டும். இரு வழியும் எண் ஒவ்வாவிடில், வட்டமாகத் தைத்தது நீள்வட்டமாகிவிடும். ஐடாவில் வளைவுகட்குரிய முக்கால் தையலை இடுவது கடினம். சதுரத்தின் நடுவில் துளையின்மையால் ஊசியால் குத்தித் திறக்க வேண்டும். லினனில் இரண்டிழைக்கு நடுவே இடைவெளி இயல்பாகவே உள்ளது. முகமும் மலரிதழும் லினனில் மென்மையாக அமைவதற்கு இதுவே காரணம்.

பயன்பாட்டையும் நோக்க வேண்டும். மேசை விரிப்பும் கைக்குட்டையும் பலமுறை சலவை காண்பவை. நனைந்தபோது வலிமை மிகும் லினன் அவற்றிற்கு ஏற்றது. துவளும் இயல்பினால் மடிப்பும் அழகாக விழும். கண்ணாடிச் சட்டத்தில் வைக்கும் படத்திற்கும், பிள்ளைகள் செய்யும் நூற்குறிக்கும், வாழ்த்தட்டைக்கும் ஐடாவே போதும். விலையும் பெரும்பாலும் குறைவு.

முடிவுரை

லினனில் தைப்போர் சிலர் ஐடாவைக் குழந்தைகளின் துணி என இகழ்வதுண்டு. இஃது ஏற்கத்தக்கதன்று. எழுதப் பழகும் குழந்தைக்கு நாம் கோடிட்ட ஏட்டைத் தருகின்றோம். கோடு இருப்பதால் எழுத்து இழிந்துவிடுவதில்லை. கையும் கண்ணும் பழகிய பின்னர்க் கோடில்லாத் தாளிலும் எழுத்து நேராகச் செல்கின்றது. ஐடா கோடிட்ட ஏடு. லினன் கோடில்லாத் தாள். முதல் வகுப்பில் லினனைத் தந்து பிள்ளையைச் சோர்வடையச் செய்தலும் தவறு; கை தேர்ந்த பின்னும் ஐடாவிலேயே நிறுத்தி அவர்தம் வளர்ச்சியைத் தடுத்தலும் தவறு.

ஆகவே, துணியைத் தேர்வதற்குமுன் இரண்டு வினாக்களை எழுப்புதல் வேண்டும். தைத்து முடித்தபின் இத்துணி எதற்குப் பயன்படப்போகின்றது? இதனைத் தைக்கப்போகும் கை எந்நிலையில் உள்ளது? முதல் வினாவிற்குரிய விடையை அளவுகோலும் கணக்கும் தந்துவிடும். இரண்டாம் வினாவிற்கு மாணவரை அறிந்த ஆசிரியரே விடை கூற வல்லவர்.