மஹர் சிறிது, கலியாணம் பெரிது



நமது ஊர்களில் கலியாணச் செலவு என்றாலே பெண்ணைப் பெற்றவரின் முகம்தான் நினைவுக்கு வரும். மலேசியாவின் மலாய் முஸ்லிம்களிடம் கதை வேறு. அங்கே பெரும்பாலும் கடன்படுவது மாப்பிள்ளைப் பையன். அவர்களும் நம்மைப் போல ஷாபிஈ மத்ஹபினர்தான். பிறகு ஏன் இந்தச் சுமை?

மஹரை அவர்கள் 'மாஸ் காவின்' என்பார்கள். நாம் காவின் எழுதுவது என்கிறோமே, அந்தச் சொல்லின் சாயல் அதில் கேட்கும். பல மாநிலங்களில் அதன் ஆகக் குறைந்த தொகையைச் சமய நிர்வாகமே நிர்ணயித்தது. ஜொகூரில் நீண்ட காலம் 22 ரிங்கிட் 50 சென். சிலாங்கூரில் 80 ரிங்கிட்டாக இருந்து பின்னர் 300 ஆனது. மார்க்கத்தின் பெயரால் கேட்கப்படுவது இவ்வளவுதான்.

சுமை வருவது 'ஹந்தாரான்' என்ற வழக்கத்தால். மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டுக்குப் பணமும், ஒற்றைப்படை எண்ணிக்கையில் அலங்காரத் தட்டுகளும் அனுப்ப வேண்டும். பெண் வீட்டார் அதைவிடக் கூடுதலான தட்டுகளைத் திருப்பி அனுப்புவார்கள். பணத்தில் பெரும்பங்கு விருந்துக்கே போய்விடும். அதனால் அதற்கு 'பெலாஞ்சா ஹாங்குஸ்', அதாவது எரிந்துபோகும் செலவு என்றும் ஒரு பெயர் உண்டு. இன்று பெண்ணின் படிப்புக்கு ஏற்பத் தொகை பேசுகிறார்கள். பத்தாயிரம் ரிங்கிட்டைத் தாண்டுவது சாதாரணம்.

ஆடம்பரம் புதிதல்ல. மணமக்களை மேடையில் அமர்த்தும் 'பெர்சண்டிங்' அரண்மனை மணம் வீசும் சடங்கு. அன்று அவர்கள் 'ராஜா செஹாரி', ஒருநாள் ராஜாக்கள். ஆங்கிலேயர் காலத்தில் மலாய் விவசாயிகள் காணி உறுதியை ஈடுவைத்துச் செட்டியார்களிடம் கடன் வாங்கினார்கள். அந்தக் கடன்களுக்கு விருந்துச் செலவும் ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. மலாயர் நிலம் கைமாறாதிருக்க 1913இல் சட்டம் வந்தது. கடன் சுமையைக் குறைக்க 1922இல் கூட்டுறவுத் திணைக்களம் வந்தது.

ஆனாலும் அன்று ஒரு பெரிய தாங்குகோல் இருந்தது. அதன் பெயர் 'ரேவாங்'. கலியாணத்துக்குச் சில நாட்களுக்கு முன்பே அயலவர்கள் கூடிவிடுவார்கள். ஆண்கள் பந்தல் போட்டு, மாடறுத்து, பெரிய கிடாரங்களில் கறி சமைப்பார்கள். பெண்கள் வெங்காயம் உரித்து, மசாலா அரைத்து, விருந்தாளிக்குக் கொடுக்கும் 'பூங்கா தெலூர்' முட்டைகளைக் கட்டுவார்கள். கூலி கிடையாது. நாளை அவர்கள் வீட்டுக் கலியாணத்தில் நாம் போய் நிற்க வேண்டும், அதுதான் கடன்.

1957இல் மலாயர்களில் பத்தில் ஒருவர் அளவே நகரவாசி. 2000ஆம் ஆண்டளவில் பாதிக்கு மேல். நகரத்து வீட்டில் முற்றமும் இல்லை, வேலைக்கு லீவும் இல்லை. அயலவர் செய்ததெல்லாம் மண்டபக்காரர், சமையல்காரர், அலங்காரக்காரர் கைக்குப் போனது. எல்லாவற்றுக்கும் பில் வந்தது. விருந்தாளி கைகொடுக்கும்போது வைக்கும் 'சலாம் காவுட்' பணம் அதில் ஒரு பங்கைத்தான் ஈடுசெய்யும். மீதிக்கு வங்கிக் கடன். ஊர் தோள் கொடுத்த காலத்தின் சடங்குகள் அப்படியே இருக்கின்றன, தோள் மட்டும் விலகிவிட்டது.

நமது 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டமும் கைக்கூலியைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. அங்கே பையன் வீடு, இங்கே பெண் வீடு. இரண்டு இடத்திலும் குடும்பத்தைக் கடனாளியாக்குவது நிக்காஹ் அல்ல, அதன்மேல் நாம் ஏற்றிவைத்த வழக்கம்.

நம் மஹல்லாவில் அடுத்த கலியாணத்துக்கு அழைப்பு வந்தால், என்ன உடுத்துவது என்று யோசிக்கும் முன், முதல்நாள் போய் வெங்காயம் உரிக்க எத்தனை பேர் தயார்? கமெண்டில் சொல்லுங்கள்.