தக்கையைத் தள்ளிய எண்ணெய்



உராய்வுப் பாடத்தில் நான் சொன்ன ஒன்றை இன்று திருத்த வேண்டியிருக்கிறது. கரும்பலகையில் ரம்பப் பல் மாதிரி இரண்டு கோடு போட்டு, "உலோகத்தில் கண்ணுக்குத் தெரியாத மேடு பள்ளம் உண்டு, எண்ணெய் பள்ளத்தை நிரப்பி வழுவழுப்பாக்குகிறது" என்பேனே, நினைவிருக்கிறதா? அது முக்கால்வாசி தவறு. அதை எனக்கு உணர்த்தியது, அமெரிக்காவில் இருக்கும் நம் பழைய மாணவன் ஒருவனுடைய வண்டி.

1970களில் செய்த மோட்டார் ஹோம் அது. கட்டில், அடுப்பு, குளியலறை எல்லாம் உள்ளேயே இருக்கும். ஆசையாக வாங்கினான். சில மாதத்தில் இன்ஜினில் டொக் டொக் என்று சத்தம். பிரித்தால் கிராங்க் ஷாஃப்ட் பேரிங்குகள் தேய்ந்து போயிருந்தன. ஷாஃப்ட்டைக் கடைந்து, புது பேரிங் போட்டுக் கொடுத்தார்கள். 600 மைலில் மறுபடி அதே சத்தம். என்னிடம் கேட்டான். நானும் பெரிய மேதை மாதிரி, "கெட்டியான எண்ணெய் ஊற்றிப் பாருப்பா" என்றேன். மறுபடி செலவு, மறுபடி புது பேரிங், கெட்டி எண்ணெய். இந்த முறை 400 மைல்கூடத் தாங்கவில்லை. "சார், இனி ஒரு தடவைதான். அதுக்கு மேல வீட்டுல விட மாட்டாங்க" என்றான். எனக்குத் தூக்கம் வரவில்லை. பழைய புத்தகங்களை எடுத்து உட்கார்ந்தேன்.

1880களின் தொடக்கத்தில் லண்டனில், இயந்திரப் பொறியாளர் சங்கம் உராய்வை ஆராயும் வேலையை பியூசாம்ப் டவர் என்பவரிடம் ஒப்படைத்தது. ரயில் அச்சில் இருப்பதைப் போலவே அவர் ஒன்றை அமைத்தார். 4 அங்குல விட்டமுள்ள தண்டு சுழலும். அதன் தலையில் அரைவட்டப் பித்தளை பேரிங், பேரிங்கின் மேல் பாரம். தண்டின் அடிப்பக்கம் எண்ணெயில் நனைந்துகொண்டிருக்கும். எண்ணெய் விட வசதியாக பேரிங்கின் உச்சியில் ஒரு துளை போட்டார். தண்டைச் சுழற்றியதும், உள்ளே போக வேண்டிய எண்ணெய் அந்தத் துளை வழியாக மேலே பொங்கி வழிந்தது. மரத்தக்கை வைத்து அடைத்தார். தக்கையையும் எண்ணெய் மெல்ல வெளியே தள்ளிவிட்டது!

அங்கே ஓர் அழுத்தமானியைப் பொருத்தினார். பாரத்தைப் பரப்பால் வகுத்தால் சதுர அங்குலத்துக்கு 100 பவுண்டுதான் வரும். ஆனால் முள் 200-ஐத் தாண்டிப் போயிற்று. 1883-இல் அறிக்கை வெளியானது. பிறகு பல இடங்களில் அழுத்தத்தை அளந்து கூட்டிப் பார்த்தால், எண்ணெய் மேலே தாங்கும் விசையும் பாரமும் ஏறத்தாழச் சமம். 1886-இல் மான்செஸ்டர் பேராசிரியர் ஆஸ்பர்ன் ரெனால்ட்ஸ் இதற்குக் கணக்கும் எழுதினார். சுழலும் தண்டு, குறுகிக்கொண்டே போகும் இடுக்குக்குள் எண்ணெயை இழுத்துச் செல்கிறது. நெருக்கப்பட்ட எண்ணெய் பாரத்தைத் தூக்கிவிடுகிறது. வண்டியைக் கிளப்பும் முதல் சில நொடிகளை விட்டால், உலோகம் உலோகத்தைத் தொடுவதே இல்லை. என் ரம்பப் பல் படத்துக்கு அங்கே வேலையில்லை. (வேடிக்கை என்னவென்றால், எண்ணெய் பீறிட்டு வெளியேறப் பார்க்கும் அந்த உச்சியில்தான் அது நாள்வரை எண்ணெய் ஊற்றத் துளை போட்டு வந்தார்கள்.)

அப்படியானால் பேரிங் தேய்கிறது என்றால், ஏதோ ஒன்று அந்த எண்ணெய்ப் படலத்தைக் கிழிக்கிறது. படலமோ தலைமுடிப் பருமனில் ஒரு சிறு பங்குதான்.

"கழற்றிய பேரிங்கை எல்லாம் படம் பிடித்து அனுப்பு" என்றேன். எண்ணெய் கிடைக்காமல் போயிருந்தால் உலோகம் உருகி இழுத்த மாதிரி இருக்கும். கனெக்டிங் ராட் கோணியிருந்தால் ஒரு ஓரம் மட்டும் தேய்ந்திருக்கும். இவன் அனுப்பியதில் எல்லா பேரிங்கிலும் சுழலும் திசையில் மெல்லிய கீறல்கள், நடுநடுவே பதிந்த மினுமினுப்புத் துகள்கள். 1839-இல் ஐசக் பாபிட், உட்புறத்தில் வெள்ளீயம் கலந்த மென்மையான உலோகம் பூசிய பேரிங் அமைப்புக்குக் காப்புரிமை வாங்கினார். அத்தகைய மென்மைக்கு ஒரு பயன், தூசி வந்தால் தனக்குள் புதைத்துக்கொண்டு தண்டைக் காப்பாற்றும். ஆனால் அதற்கும் ஓர் அளவு உண்டே.

எண்ணெய் புதுசு, ஃபில்டர் புதுசு. பின்னே துகள் எங்கிருந்து வருகிறது? எண்ணெய் போகும் வழியை வரைந்து அனுப்பச் சொன்னேன். பம்ப், ஃபில்டர், அங்கிருந்து ரேடியேட்டரில் இருக்கும் ஆயில் கூலர், அதன் பிறகு பேரிங். கூலர் ஃபில்டருக்கு அப்பால்! முதல் தடவை பேரிங் போனபோது ஃபில்டர் அடைத்துக்கொண்டிருக்கும். அப்போது பைபாஸ் வால்வு திறந்து, உலோகத் தூளோடு எண்ணெய் கூலருக்குள் போயிருக்கும். இன்ஜினைக் கழுவினார்களே தவிர, இரண்டு முறையும் கூலரை யாரும் தொடவில்லை.

கூலரைக் கழற்றி, மண்ணெண்ணெய் விட்டு வெள்ளைத் துணியில் கவிழ்த்தான். ஜிகினா கொட்டியது போல மின்னிற்று.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். கெட்டி எண்ணெய் குளிரில் ஃபில்டருக்குள் எளிதில் புகாது, பைபாஸ் வால்வைத்தான் அடிக்கடி திறக்க வைக்கும். என் யோசனை அவனுக்கு உதவவில்லை, கெடுத்திருக்கிறது. சொன்னேன். "பரவாயில்ல சார்" என்றான்.

புது கூலர், புது ஹோஸ், வண்டிக்குச் சொல்லப்பட்ட அதே எண்ணெய். இன்றோடு 900 மைல் ஓடியிருக்கிறது, சத்தம் இல்லை. ஆயிரம் ஆனதும் ஃபில்டரை அறுத்துப் படம் அனுப்புகிறேன் என்றிருக்கிறான். வந்ததும் இங்கே போடுகிறேன்.